கொடிக்கம்பமும் பவுடர் டப்பாவும்

எங்கள் பள்ளியில் ஒரு பூகோள உருண்டை இருந்தது. தலைமையாசிரியர் அறையின் இரும்பு பீரோவுக்குள் அது பூட்டிக் கிடந்தது. வெளியே எடுத்தால் உடையும், உடைந்தால் ஸ்டாக் பார்க்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், எதற்கு வம்பு என்று எனக்கு முன்னால் இருந்தவர்கள் அதைத் தொடாமலேயே ஓய்வு பெற்றுப் போயிருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே நான் அதைக் கேட்டேன். தலைமையாசிரியர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், புச்சா வந்துகிறீங்க, அதான் கேக்குறீங்க. கொஞ்ச நாள் போனா நீங்களே கேக்க மாட்டீங்க" என்றார்.

அவர் சொன்னது நடக்கவில்லை. நான் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன், அவரும் கொடுக்காமலேதான் இருந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவில் இருந்த அரசு உயர்நிலைப் பள்ளி. நான் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர். கல்லூரியில் படித்தது புவியியல். எனக்கு ஊர் நாகர்கோவில். தமிழ்நாட்டின் கடைசி மாவட்டத்துக்காரனுக்கு முதல் நியமனம் இவ்வளவு வடக்கே கிடைத்தது. மனைவியும் ஆசிரியைதான், ஆனால் அரசு உதவிபெறும் பள்ளியில். அந்த வேலையை வேறு ஊருக்கு மாற்ற முடியாது, விட்டுவிட்டுத்தான் வர முடியும். என் வேலையை மாற்றலாம், எங்கள் மாவட்டத்தில் இடம் காலியானால். ஆனால் எங்கள் மாவட்டத்தில் ஒருத்தன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் ஓய்வு பெறும்வரை எழுந்திருக்க மாட்டான். வெளியே போன ஒவ்வொருவனும் திரும்பி வரத் துடித்துக்கொண்டிருப்பான். நானும் அந்த வரிசையில் பின்னால் போய் நின்றேன்.

அப்போது மகளுக்கு ஐந்து வயது. அவளும் அம்மாவும் நாகர்கோவிலில், நான் செங்கல்பட்டில். இரண்டாம் வருடம் காலாண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அவள் அடுக்களையில் அம்மாவிடம் மெல்லக் கேட்டது என் காதில் விழுந்தது. "அப்பா எப்பம் போவாங்க?" என்றாள். வெறுப்பாகக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பற்றிக் கேட்கிற மாதிரிக் கேட்டாள். மாறுதல் கிடைப்பதற்குள் இந்தப் பிள்ளைக்கு நான் அந்நியனாகி விடுவேனோ என்ற பயம் அன்று பிடித்தது. அதன் பிறகு நான் செய்த எல்லாவற்றுக்கும் அடியில் அந்தப் பயம் இருந்தது.

செங்கல்பட்டில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மாடியில் ஓர் அறை. தெற்கே போகிற வண்டிகள் எல்லாம் சாயங்காலத்தில் வரிசையாக வந்து நின்று கிளம்பும். ஜன்னலைத் திறந்தால் ஏரிக்காற்றோடு ரயில் அறிவிப்பும் உள்ளே வரும். திருச்சி, மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில் என்று ஒரு பெண் குரல் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகும். முதல் ஆறு மாதம் அதைக் கேட்கப் பிடித்திருந்தது. பிறகு எரிச்சலாக இருந்தது. கடைசியில் அந்த நேரத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டு மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போய்விடுவேன். மெஸ்ஸிலும் பேச ஆள் கிடையாது. நான் வாயைத் திறந்தால் பரிமாறுகிறவர், "சார் மலையாளமா?" என்பார். இல்லை, தமிழ்தான் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப் போய், சைகையிலேயே சாம்பார் கேட்க ஆரம்பித்தேன்.

வாரத்துக்கு ஒரு நாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன். எங்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது. அடுத்த வீட்டு எண்ணுக்கு அடித்து, கூப்பிடச் சொல்லி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடிக்க வேண்டும். மகள் ஓடி வந்து மூச்சிரைக்கப் பேசுவாள். பின்னால் அடுத்த வீட்டு டி.வி. ஓடும். "நல்லா இருக்கியா? நல்லாப் படிக்கியா? அம்மா சொன்னதைக் கேக்கியா?" என்று கேட்பேன். மூன்றுக்கும் "ம்". அவ்வளவுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருக்க, அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்பேன். நாற்பத்தைந்து நிமிடம் விடாமல் பேசிப் பிழைக்கிறவன் நான். ஏழு வயதுப் பெண்ணிடம் பேச ஒன்றும் அகப்படவில்லை.

பள்ளியில் அந்தக் குறை இல்லை. அங்கே எனக்குப் பேச்சு வந்தது. பூகோள உருண்டை இல்லாவிட்டால் என்ன, வேறு எவ்வளவோ இருந்தன. திருக்கழுக்குன்றத்து மலையைக் களிமண்ணில் செய்து ஒரு பிளாஸ்டிக் பேசினுக்குள் வைத்தோம். விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் தொடுகிற இடத்தைச் சுற்றிலும் ஈர்க்குச்சியால் கீறினோம். இன்னும் ஒரு விரல் உயரம் ஊற்றி இன்னொரு கோடு. கடைசியில் தண்ணீரைக் கொட்டிவிட்டு மேலேயிருந்து பார்த்தால், பாடப்புத்தகத்தில் யாருக்கும் புரியாமல் கிடந்த சம உயரக் கோடுகள் மலையைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிந்தன. தண்ணீர் பாட்டிலை வெட்டி மழைமானி செய்தோம். ஐப்பசி மழையில் அது நிரம்பி வழிந்ததும் இன்னும் பெரிய பாட்டில் தேடினோம். கண்டக்டர் கிழித்துக் கொடுத்த பஸ் டிக்கெட்டுகளைச் சேர்த்து, ஒட்டி, கோடு இழுத்து, செங்கல்பட்டு, மதுராந்தகம், அணுபுரம், கல்பாக்கம் என்று எங்களுக்கே எங்களுக்காக ஒரு வரைபடம் போட்டோம். மார்கழியில் வேடந்தாங்கலுக்குக் கூட்டிக்கொண்டு போய், இந்தப் பறவை எங்கிருந்து வருகிறது என்று தரையில் உலகப்படம் வரைந்து காட்டினேன். "இவ்ளோ தூரம் வந்துட்டு திரும்பிப் போவுதா சார்? பேஜாரு புடிச்ச வேலையா கீதே" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

பிள்ளைகளுக்குப் புரியவைக்கவே முடியாத பாடம் ஒன்று இருந்தது. அட்சரேகை. பாடத்தை ஒப்பிப்பார்கள். "அட்சரேகைகள் புவியின் மேல் கிழக்கு மேற்காக வரையப்பட்ட கற்பனைக் கோடுகள்" என்று கூரை அதிரச் சொல்வார்கள். ஒரு நாள் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்தாள். சுருக்கென்று பேசுகிற பெண்.

"சார், கோடு நம்மூரு மேலயும் போவுதா?"

"போகுது."

"எங்க கீது சார்?"

"கற்பனைக் கோடும்மா."

"கற்பனைன்னா இல்லாததுதானே சார். இல்லாதத எதுக்கு சார் பரீட்சைல கேக்குறாங்கோ?"

கோபம் வந்தது. சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது கோபம் போய், அவள் கேட்டது நியாயம்தான் என்று தோன்றியது. இல்லாத கோட்டை எப்படிக் காட்டுவது என்று யோசித்தபோதுதான் சூரியன் நினைவுக்கு வந்தது. கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையில் இருக்கிற எந்த ஊருக்கும் வருடத்தில் இரண்டு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த நாளின் நண்பகலில் நேராக நிற்கிற எதற்கும் நிழல் இருக்காது. எங்கள் பள்ளிக்கு அது ஏப்ரல் கடைசியில் ஒரு தடவை, ஆகஸ்ட் நடுவில் ஒரு தடவை. நானே வகுப்பில் நடத்துகிற விஷயம். ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் பிறந்ததும் ஆரம்பித்தோம். பள்ளியில் நேராக நின்ற பொருள் கொடிக்கம்பம் ஒன்றுதான். தினமும் நண்பகலில் அதன் நிழல் நுனியில் களிமண் வைத்து ஒரு கிளிஞ்சலை ஒட்டினோம். கிளிஞ்சலுக்கா பஞ்சம்? கடலோரத்துப் பிள்ளைகள் பை நிறையக் கொண்டுவந்தார்கள். நண்பகல் என்றால் கடிகாரத்தில் பன்னிரண்டு இல்லை, அதற்குக் கொஞ்சம் பிந்தித்தான் என்பதை அவர்களுக்குப் புரியவைப்பது பெரும்பாடாக இருந்தது. கடைசியில் ஒரு பையன், "மலைல கழுகு வர்ற டைமு சார், அதானே உச்சி" என்று முடித்துவைத்தான். மலைக்கோயில் சோற்றுக்குக் கழுகுகள் வருவது அப்போதே அரிதாகிவிட்டிருந்தது. இருந்தாலும் அந்த நேரம் மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு நாளைக்குச் சுமார் இரண்டு விரல் அகலம் நிழல் சுருங்கியது. மேகமாக இருந்த நாட்களில் கிளிஞ்சல் இல்லை. சுதந்திர தினத்தன்று கொடியேற்ற வந்த ஊர்ப் பிரமுகரின் வெறுங்காலில் ஒரு கிளிஞ்சல் குத்தி, அவர் ஒற்றைக் காலில் நின்று தேசியக் கொடிக்கு வணக்கம் செலுத்தினார். தலைமையாசிரியர் என்னை அன்று பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது. இரண்டு மூன்று நாளில் வேலை முடிந்துவிடும் என்று கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினேன்.

அந்த நாள் வெயில் நன்றாக அடித்தது. எட்டாம் வகுப்பு முழுவதும் கம்பத்தைச் சுற்றி நின்றது. எங்கள் சொந்த நிழல்கள் காலுக்கடியில் ஒடுங்கிக்கொண்டிருந்தன. நேரம் வந்ததும், "நிழல் தெரியுதா?" என்று கேட்டேன். "இல்ல சார்!" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"கீது சார்" என்றாள் அந்தப் பெண்.

குனிந்து பார்த்தேன். இருந்தது. கம்பத்தின் அடியில் ஒரு பக்கமாகச் சாண் நீளத்துக்கு மெல்லிய நிழல். கம்பத்தை நட்டவர்கள் கொஞ்சம் சாய்த்து நட்டிருக்கிறார்கள். அத்தனை வருடம் அதற்குக் கீழே நின்று பாடியவர்கள் யாரும் கவனிக்கவில்லை. பக்கத்தில் தூக்குநூல் பார்த்து நட்டிருந்த குச்சிக்கு நிழல் சுத்தமாக இல்லை. அவளைப் பாராட்டினேன். மற்றவர்களைப் பார்த்து, "ஏண்டா, கண்ணு முன்னாடி நிழல் இருக்கு, இல்லன்னு கத்துறீங்களே" என்றேன். ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்.

"நீங்க இருக்காதுன்னு சொன்னீங்களே சார்."

அன்று மாலையே பூத்துக்குப் போனேன். மகளிடம் முதல் தடவையாக எனக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. இன்று இங்கே நிழல் காணாமல் போய்விட்டது, இனி சூரியன் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே இறங்கி உன்னிடம் வரும், மாதக் கடைசியில் உன் தலைக்கு நேரே நிற்கும், அன்று நண்பகலில் மொட்டை மாடியில் பவுடர் டப்பாவை நிமிர்த்தி வைத்துப் பார், நிழல் இருக்காது என்றேன். அவள் "ம்" என்று சொல்லவில்லை.

"சூரியன் அங்கேருந்து இங்க நடந்தா வருது?" என்றாள்.

"ஆமா."

"அப்பம் அதுகூட நீங்களும் வாங்களேம்."

கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்ற பூத்துக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், வூட்ல எதுனா பேஜாரா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

அந்த வருடம் அவளுடைய நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. மாலையில் நான் அழைத்ததும் அவளே போனை எடுத்தாள். அடுத்த வீட்டில் அதற்கு முன்பே போய்க் காத்திருந்திருக்கிறாள். "இல்லப்பா! நிழல் இல்ல! டப்பாவைச் சுத்திச் சுத்திப் பாத்தேன், இல்ல! அம்மாவும் பாத்தாங்க!" என்று கத்தினாள். மறுநாள் அதை வகுப்பில் சொன்னேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். அவர்கள் கை தட்டியதை அடுத்த வாரம் அவளிடம் சொன்னேன். இப்படி எங்களுக்குள் ஒரு போக்குவரத்து உண்டாயிற்று.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் ஏப்ரலில் ஒரு தடவை, ஆகஸ்டில் ஒரு தடவை. ஏப்ரலில் சூரியன் வடக்கே ஏறும், அதனால் முதலில் அவளிடம் போய்விட்டு என்னிடம் வரும். ஆகஸ்டில் என்னிடமிருந்து அவளிடம் போகும். முன்கூட்டியே போனில் சொல்லி வைப்பேன். இன்ன தேதி, கடிகாரத்தில் இன்ன நேரம், எனக்கு நிழல் இல்லாத அன்றைக்கு உனக்குத் தெற்குப் பக்கமாகக் கொஞ்சம் விழும், உன்னுடைய நாளில் சுத்தமாக இருக்காது. கேள்வியோடு பதிலையும் சேர்த்துக் கொடுத்துவிடுவது வாத்தியார்களின் கைவந்த பழக்கம். மாலையில் கேட்பேன். "தெக்க பாத்துக் கொஞ்சம் கிடக்குப்பா" என்பாள். மாதக் கடைசியில் கேட்பேன். "இல்லப்பா, நிழல் இல்ல" என்பாள். வகுப்புச் சுவரில் ஒட்டிய சார்ட்டில் இரண்டு பத்திகள் வைத்திருந்தோம். எங்கள் பத்தியில் அடித்தல் திருத்தல், மேகம், பஸ் தாமதம், குச்சி சாய்ந்தது என்று ஆயிரம் ரகளை. நாகர்கோவில் பத்தி மட்டும் பளிச்சென்று இருக்கும். "சார் பொண்ணு சார் மாரியே கரீக்டு" என்பார்கள் பிள்ளைகள். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அந்தச் சார்ட்டை ஒரு வருடம் செங்கல்பட்டில் நடந்த கற்பித்தல் துணைக்கருவிகள் கண்காட்சிக்குக் கொண்டுபோனேன். தெர்மோகோல் எரிமலைகள், பல்பு எரியும் சூரியக் குடும்பங்கள், சாயத் தண்ணீர் ஓடும் நதிகள் இவற்றுக்கு நடுவில் என் பவுடர் டப்பா சப்பென்று இருந்தது. ஆனால் பார்க்க வந்த அதிகாரி ஒருவர் நின்றுவிட்டார். இரண்டு ஊர்களிலும் நிழல் மாறுகிற வித்தியாசத்தையும், இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தையும் வைத்துப் பூமியின் சுற்றளவையே கணக்குப் போட்டு விடலாம் என்று விளக்கினேன். "தெற்கே யார் பார்க்கிறார்கள்?" என்று கேட்டார். "என் மகள்" என்றேன். அதைச் சொல்லத்தான் அத்தனை நேரம் நின்றிருந்தேன் போலிருக்கிறது. சான்றிதழ் கொடுத்தார்கள். அறைச் சுவரில் மாட்டினேன். அன்று மாலை ஜன்னலைச் சாத்தவில்லை. தெற்கே போகிற வண்டிகளின் பெயரை அந்தக் குரல் சொன்னபோது, கூடவே நானும் சொன்னேன்.

ஆனாலும் அந்த அறையில் ராத்திரியும் பகலும் நான் ஒருத்தன்தான். அம்மை போட்டுப் படுத்திருந்த பத்து நாளில் வேப்பிலை கொண்டுவந்து கதவுக்கு வெளியே வைத்த வீட்டுக்காரம்மா தவிர யாரும் வரவில்லை. தீபாவளிக்கு டிக்கெட் கிடைக்காத வருடம், பக்கத்து மொட்டை மாடிகளில் வெடிக்கிற வெடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு மே மாதமும் மாறுதல் கலந்தாய்வுக்குப் போவேன். பலகையில் எழுதியிருக்கும் காலி இடங்களில் எங்கள் மாவட்டத்தைத் தேடுவேன். இருக்காது. இருந்தாலும் எனக்கு முன்னால் நிற்கிறவர் எடுத்துக்கொண்டு போவார். எங்கள் வீட்டிலேயே போன் வைத்தோம். மகள் பெரியவள் ஆனாள். பேச்சு இன்னும் குறைந்தது. "டியூஷனுக்குப் போயிருக்கா", "குளிக்கிறா", "பரீட்சை" என்று மனைவி சொல்வாள். நிழல் நாட்களில் மட்டும் தவறாமல் போனுக்கு வந்துவிடுவாள். அந்த இரண்டு நாளைத்தான் நான் வருடம் முழுவதும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது வருடம் கழித்து மாறுதல் கிடைத்தது. ஒருவர் விருப்ப ஓய்வு வாங்கியதால் விழுந்த இடம். கலந்தாய்வு மண்டபத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் டீக்கடைக்காரரிடம் சொன்னேன். பள்ளியில் பிள்ளைகள் மாலை போட்டார்கள். "நீங்க போய்ட்டா கம்பத்தாண்ட யாரு சார் வருவா?" என்று ஒருத்தி கேட்டாள். அடுத்த சார் வருவார் என்றேன். அடுத்த சார் கணக்கு சார் என்று எல்லோருக்கும் தெரியும். பூகோள உருண்டையைக் கடைசிவரை நான் தொட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்தேன். மகளுக்குப் பதினான்கு முடிந்திருந்தது. அவளும் அவள் அம்மாவும் ஒரே பள்ளி. காலையில் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்ளாமல் அந்தச் சின்ன வீட்டுக்குள் ஓடி ஓடிக் கிளம்புவார்கள். யாருக்கு எப்போது குளியலறை, யார் ஜன்னலைச் சாத்துவது, சாவி எங்கே என்று எல்லாம் பேச்சில்லாமல் நடக்கும். நான் எங்கே நின்றாலும் யாருக்காவது குறுக்கே நின்றேன். "அப்பா, கொஞ்சம்" என்று சொல்லி என்னை நகர்த்திவிட்டுப் போவாள். மரியாதையாகத்தான் சொல்வாள். செங்கல்பட்டு அறையில் தனியாக இருந்தபோது தனியாக இருக்கிறேன் என்றாவது சொல்லிக்கொள்ள முடிந்தது.

ஆகஸ்ட் கடைசி வந்தது. நான் அதற்காகவே காத்திருந்தேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒரே மாடியில், ஒரே டப்பாவை இரண்டு பேரும் பார்க்கப் போகிறோம். புதுப் பள்ளியில் ஒரு நாள் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். அவளிடம் முன்பே சொல்லவில்லை, அவளுக்கே தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். காலையில் பவுடர் டப்பாவைத் தேடி எடுத்துத் துடைத்து மேஜைமேல் வைத்தேன். அவள் சீருடை போட்டு, பையை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"இன்னைக்கு நிழல் நாள்லா? எங்க கிளம்பிட்டே?" என்றேன்.

"ஸ்கூலுக்குப்பா."

"மத்தியானம் வந்துருவியா?"

"மத்தியானம் எப்படிப்பா வர முடியும்? நாலாவது பீரியடு முடிய ஒரு மணி ஆவும்."

"அப்போ இத்தனை வருசமும்?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா செருப்பைப் போடக் குனிந்தவள் நிமிரவே இல்லை. மகள் பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"முதல் தடவை பாத்தேன்பா. சத்தியமா. அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. அதுக்குப் பொறவு எல்லாம் ஸ்கூல் நாளா வந்துட்டு. ஒண்ணு ரெண்டு தடவ லீவு நாளா வந்தப்பம் மேகமா கிடந்துது. நான் என்ன சொல்லணும்னு நீங்க முன்னாடியே சொல்லிருவியள்லா, அதை அப்படியே சொன்னேன்."

"பாக்க முடியலன்னு சொல்லியிருக்கலாமே?"

"ஒரு தடவை சொல்லலாம்னுதான் வந்தேன். நீங்க போன்ல வந்ததும், இங்க பிள்ளைய எல்லாம் உன் பதிலுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னிய. அம்மாவும் சொல்லாண்டாம்னாங்க. அப்பா அங்க தனியா இருக்காங்க, அவங்களுக்கு இது ஒண்ணுதான் இருக்குன்னு."

மனைவி அப்போதுதான் பேசினாள். "நேரமாச்சு, மணி அடிச்சிருவாங்க" என்றாள். அவள் குரல் சரியாக இல்லை. இருவரும் போனார்கள்.

நானும் ஒரு வாத்தியார். வருடா வருடம், அந்த நேரத்துக்கு என் வகுப்புப் பிள்ளைகளைக் கம்பத்தடிக்குக் கூட்டிவரத் தலைமையாசிரியரிடம் மல்லுக்கட்டி அனுமதி வாங்கியவன். அதே நேரத்தில் என் மகளும் ஒரு வகுப்பில் உட்கார்ந்திருப்பாள், அவளை யாரும் வெளியே விடமாட்டார்கள் என்பது ஒரு தடவைகூட எனக்குத் தோன்றியதில்லை. போனில் நான் பேசியபோது அவள் எனக்கு எப்போதும் மொட்டை மாடியில்தான் நின்றுகொண்டிருந்தாள். பொய் சொன்னாளே என்ற கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் எதிர்பார்த்தேன். வரவில்லை. நான் தனியாக இருந்தது அவர்கள் இருவருக்கும் இவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறதே என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

நேரம் ஆனதும் மாடிக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. டப்பாவை வைத்தேன். நிழல் சுருங்கிச் சுருங்கி உள்ளே போய்விட்டது. பக்கத்து மாடியில் ஒரு அம்மாள் வற்றல் காயப் போட்டுக்கொண்டிருந்தார். சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

மாலையில் மகள் வந்து பையை இறக்கினாள். அடுக்களையில் தண்ணீர் குடித்தாள். பிறகு நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, கொஞ்சம் தயங்கி, "பாத்தியளாப்பா?" என்றாள். அவள் என்னைக் கேட்பது அதுதான் முதல் தடவை.

"பாத்தேன். இல்ல."

"சுத்தமா?"

"சுத்தமா இல்ல."

அவள் தலையாட்டினாள். போகத் திரும்பினாள். நான் அவளை நிறுத்தி, அந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய் என்று கேட்டேன்.

"கணக்கு பீரியடு."

"அது தெரியும். கிளாஸ்ல எங்க?"

நான் கேட்பது அவளுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் என் மேஜையையே வகுப்பாக வைத்துக்கொண்டு, கையால் காட்டினாள். இது கரும்பலகை, இது வாசல், ஜன்னல் இந்தப் பக்கம், அவள் இருப்பது எதிர்ப் பக்கத்துச் சுவரோரம், மூன்றாவது பெஞ்சு. அங்கிருந்து வெளியே ஒன்றும் தெரியாது என்றாள். பக்கத்தில் யார் என்று கேட்டேன். முன்பு ஒருத்தி இருந்தாளாம், ஜூன் மாதத்தில் வேறு பள்ளிக்குப் போய்விட்டாளாம்.

"இப்போ?"

"இப்பம் யாரும் இல்லப்பா. நான் தனியாத்தான் இருக்கேன்" என்றாள்.